தண்ணீரை மறிக்கும் தீர்மானம்

எங்கள் குளத்தின் கீழ் வயல் செய்வோர், கோடை நெல் விதைப்புக்கு முன் கூடும் சிறுபோகக் கூட்டத்தில் வழக்கமாக ஒரேயொரு பொருள்தான் கொதிக்கும். அது தண்ணீர். குளத்தில் எவ்வளவு நிற்கிறது, அதைக்கொண்டு ஆளுக்கு எத்தனை பரப்பு விதைக்கலாம், குளத்து மதகாகிய துருசை என்று திறப்பது, மாடுகளை என்று கட்டத் தொடங்குவது என்பனவே எங்கள் வினாக்கள். இவற்றையெல்லாம் தாண்டி, உலகத்துப் பாராளுமன்றங்களில் விவாதிக்கப்படும் ஒரு வினா எங்கள் பொதுநோக்கு மண்டபத்தின் தகரக் கூரையின் கீழ் எழும் என்றும், அதற்கு நானே தலைமை தாங்குவேன் என்றும் எவரேனும் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நான் நகைத்திருப்பேன். அந்தக் கூட்டம் முடிந்து சில மாதங்களாகின்றன. இன்றும் அதனை நினைக்குந்தோறும் கதிரையில் இருக்கமாட்டாமல் எழுந்து முற்றத்தில் உலாவுகிறேன்.

நான் எட்டாம் வகுப்புடன் பள்ளியை விட்டவன். காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்த குடும்பத்தின் மூத்த பிள்ளைக்கு மண்வெட்டிதான் முதலில் கைக்கு வந்தது. எழுத்தும் பேச்சும் வாசிகசாலைப் பத்திரிகைகளிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்ந்தவை. கமக்காரர் அமைப்பின் தலைவராக என்னைத் தெரிவு செய்தமைக்குக் காரணம் என் விவசாய அறிவு அன்று. இரு சாராரும் கத்தும்போது நான் கத்துவதில்லை என்பதே.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எவரும் அதைச் சட்டமாக வகுத்ததில்லை. வாய்க்காலில் எவருடைய வயல் முதலில் வருகிறதோ அவர் முன்வரிசையில் இருப்பார். அடுத்த வயல்காரர் அவருக்குப் பின்னால். கடைசி வயல்காரர் வாசற்கதவோடு. தலைவரின் மேசையிலிருந்து நோக்கினால் வாய்க்காலையே நோக்குவது போலிருக்கும். எந்த முகம் எந்த வயல் என்று தேட வேண்டியதில்லை. இந்த வழக்கம் பின்னர் என்ன வேலை செய்தது என்பதை உரிய இடத்தில் கூறுவேன்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் என் மனைவியின் தம்பி. மாரி நெல்லான காலபோகத்தின் அறுவடை முடிந்த கையோடு அவருடைய நீரிறைக்கும் இயந்திரம் களவு போயிற்று. எங்கள் பகுதியில் இப்படி மறையும் பொருள்கள் எங்கே போகின்றன என்பது அனைவருக்கும் தெரியும். அவை ஐஸாகவோ ஹெரோயினாகவோ மாறி, ஒரு சிறு பொட்டலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மச்சான் நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"அத்தான், பேப்பரை எடுங்கோ. நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ. தூள் அடிக்கிறவன் ஒருத்தனும் எங்கட வாய்க்கால்ல இருக்கக்கூடாது. பெயரைப் பொலிசுக்குக் குடுக்க வேணும். அந்த வீட்டு வயலுக்குத் தண்ணியை மறிக்க வேணும். மரத்தில கட்டி வைச்சு அடிக்கவும் வேணும்."

கட்டி வைத்து அடிப்பதை மட்டும் நான் தவிர்த்தேன். எஞ்சியதைச் செம்மையான தமிழில் வடித்தேன்: 'போதைப்பொருள் பாவிப்போர் எவரேனும் நம்மிடையே இருப்பின் அன்னாரது பெயர் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்படுவதோடு, அன்னாரது குடும்பத்தின் வயலுக்குச் செல்லும் தண்ணீரும் அப்போகம் முழுவதும் மறிக்கப்படும்.' இருமுறை வாசித்துக் காட்டினேன். மச்சான் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அத்தான், இதைக் கேட்டால் கள்ளனே மிசினைக் கொண்டுவந்து தந்திடுவான்" என்றார். எனக்கும் அந்த வாக்கியத்தின் ஓட்டத்தில் ஒரு பெருமை இருந்தது.

கூட்டத்துக்கு முதல் நாள் பிற்பகல் ஒரு பெண் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கணவனை இழந்தவர், இரண்டு ஏக்கர் வயலைத் தானே நின்று செய்விப்பவர். அவருக்கு நான் அண்ணை, எனக்கு அவர் தங்கச்சி. என் மனைவி கொடுத்த தேநீரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அந்தத் தீர்மானம் நீங்கள் எழுதினதாம்."

"எழுத்துத்தான் என்ர. எண்ணம் மச்சான்ர, தங்கச்சி."

"எழுத்து நல்ல வடிவாம். எல்லாரும் சொல்லுகினம்." சற்று நின்று சொன்னார். "அது என்ர மகனைப் பற்றினது, அண்ணை."

மகனுக்கு இருபது வயது கடந்துவிட்டது. மணல் டிப்பரில் வேலைக்குப் போன இடத்தில் பழகியது. கண் விழித்து வேலை செய்யலாம் என்று யாரோ கொடுத்தார்களாம். இப்போது வேலையும் இல்லை, உறக்கமும் இல்லை, உணவும் இல்லை. தாய் தனியே வவுனியா ஆஸ்பத்திரிக்குச் சென்று வைத்தியரிடம் கேட்டிருக்கிறார். கூட்டி வாருங்கள், நோயாளியாகவே பார்ப்போம் என்று அவர் சொல்லியிருக்கிறார். மகனும் ஒருவாறு இணங்கி, திங்கட்கிழமை போவதாக இருந்தது.

"ஆஸ்பத்திரி வாசல்ல பொலிஸ் நிக்கும் எண்டுதான் முதல் பயந்தவன். அதை ஒரு மாதிரிச் சொல்லித் தேத்தினன். இப்ப ஊரும் நிக்கப் போகுதெண்டு கேள்விப்பட்டிட்டான். கூட்டத்தின்ர முடிவைப் பாத்துத்தான் வருவானாம். பெயர் குடுக்கிறதெண்டு முடிவெடுத்தியளெண்டால், திங்கக்கிழமை அவன் வீட்டில இரான். எங்கயாவது ஓடிடுவான். பிறகு நான் அவனை எங்க தேடுறது?"

"தலைவர் ஒரு பக்கம் சேரக்கூடாது, தங்கச்சி. அது முறையில்லை."

"பக்கம் சேரச் சொல்லி நான் வரேல்லை. எல்லாரையும் கதைக்க விடுங்கோ. வாசிச்ச உடன கையை உயர்த்தச் சொல்லிப் போடாதேங்கோ. அவ்வளவுதான்."

அவர் போன பின் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசிகசாலைக்கு ஓடினேன். அடுக்கி வைத்திருந்த பழைய பத்திரிகைகளை அங்கேயே நிலத்தில் பரப்பிவிட்டேன். இந்த வினாவைப் பற்றி உலகம் என்ன சொல்கிறது என்பதை அறியும் வேட்கை அப்படி என்னைப் பிடித்தது. கண்டேன். போர்த்துக்கல் நாட்டில், தன் பாவனைக்கென்று சிறிதளவு வைத்திருப்பவனைச் சிறையில் இடுவதில்லை. சிலர் அடங்கிய ஒரு குழுவின் முன் நிறுத்தி, சிகிச்சை வேண்டுமா என்று பார்க்கிறார்கள். விற்பவனுக்கோ அங்கும் சிறைதான். வேறொரு தாளில், அமெரிக்காவின் ஒரு மாநிலம் அவ்வாறே செய்துவிட்டு, தெருக்களின் நிலை மோசமாயிற்றென்று பின்வாங்கிய செய்தி இருந்தது. இரண்டையும் வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எந்தப் பக்கமும் சேராத தலைவர் இரு பக்கத்துச் செய்தியையும் வாசிக்கலாம் அல்லவா? என் வயதில் இத்தகைய மகிழ்ச்சி கொள்வது தகுமோ தெரியவில்லை. வரும் வழியில் சைக்கிளை மிகவும் வேகமாக ஓட்டினேன்.

கூட்டம் காலையில் கூடியது. மண்டபம் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றனர். தண்ணீர் விடயங்கள், எங்கள் வரலாற்றில் முதன்முறையாக, சண்டையின்றி முடிந்தன. அனைவரும் அடுத்ததற்குக் காத்திருந்தனர். நான் தீர்மானத்தை வாசித்தேன். மச்சான் எழுந்தார்.

"தலைவர் அவர்களே! என்ர மிசின் போனது எல்லாருக்கும் தெரியும். நேற்று மிசின், இண்டைக்கு மாடு, நாளைக்குத் தாலிக்கொடி. இவங்களுக்குப் பாவம் பாத்துப் பாத்துத்தான் ஊர் நாறிப்போச்சு. பயம் இருக்க வேணும். பயமில்லாட்டில் ஒண்டும் நடவாது."

கைதட்டல் எழுந்தது. நான் பையிலிருந்த துண்டுகளை எடுத்து இரண்டையும் வாசித்தேன். போர்த்துக்கல் என்றதும் வாசற்கதவோடு இருந்த கடைசி வயல்காரர் எழுந்தார். எழுபதைக் கடந்தவர், அந்த மண்டபத்தில் எவரையும் விட்டுவைக்காதவர்.

"பறங்கியைத்தானே சொல்லுறியள்? கதிரை எண்ட சொல்லைத் தந்தவன், அலுமாரி தந்தவன், குசினி தந்தவன். இப்ப இதையும் தாறானோ?"

சிரிப்பு அடங்குமுன் அவரே தொடர்ந்தார். "நான் அதுக்கு மேலயும் ஒண்டு கேக்கிறன். சாராயத்துக்கு லைசன்ஸ் இருக்கு. கள்ளுத் தவறணைக்கு இருக்கு. சிகரட் கடையில இருக்கு. அப்ப இதுக்கும் ஒரு லைசன்ஸைக் குடுத்து அரசாங்கமே வித்தால் என்ன? ஒளிச்சு விக்கிறவன் படுத்திடுவான்தானே?"

"ஓமோம்," என்றார் மச்சான். "உங்கட பேரன் கடைக்குப் போய் றாத்தல் பாணும் ரெண்டு ஐஸும் வாங்கிக்கொண்டு வரட்டும். வீட்டில வைச்சுத் தேத்தண்ணியோட தொட்டுச் சாப்பிடுங்கோ."

"தம்பி, கூட்டத்தில குடுக்கிற பாணே வாசல் வரைக்கும் வருதில்லை. தண்ணி மாதிரித்தான், எல்லாம் முன்வரிசையோட முடிஞ்சிடும்."

நான் மேசையில் தட்ட வேண்டியதாயிற்று. ஆயினும் என் உள்ளம் துள்ளியது. விற்பதற்கு அனுமதிப்பது வேறு, பாவிப்பவனைக் குற்றவாளியாக்காமல் விடுவது வேறு, இரண்டையும் மறுப்பது வேறு. படித்தவர்கள் பத்திரிகைகளில் பிரித்துப் பிரித்து எழுதிய மூன்று நிலைகளும் எங்கள் மண்டபத்தில் பாணும் தண்ணீருமாக வந்து நின்றன!

நடுவரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்தார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து எங்கள் ஊருக்குக் கலியாணம் செய்து வந்தவர், கழுத்தில் செபமாலை.

"எனக்குச் சிரிப்பு வரேல்லை. என்ர தம்பி கொக்கிளாயில வள்ளத்தின்ர எஞ்சினைக் கழட்டி வித்தவன். வெளியில தெரிஞ்சால் மானம் போகுமெண்டு நாங்கள் மூடி மூடி வைச்சம். அம்மாவுக்கு அடிச்சான். அப்பவும் மூடினம். கடைசியில நானே பொலிசுக்குச் சொன்னன். சிறையில மறியல் கிடந்தான். வந்தான். இண்டைக்குக் கடலுக்குப் போறான். அந்தோனியார்தான் காப்பாத்தினவர் எண்டு அம்மா சொல்லுவா. நான் சொல்லுவன், பொலிஸ்தான் எண்டு."

முன்வரிசையில் ஒருவர், மறியலுக்குப் போய் அங்கே இன்னும் பெரிய வியாபாரிகளைப் பழகி வந்தவனைத் தனக்குத் தெரியும் என்றார். அக்கா, "அதுவும் நடக்கும். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. என்ர வீட்டில நடந்ததைச் சொல்லுறன்" என்று அமர்ந்தார்.

இதற்குள் பலருக்குப் பொறுமை போய்விட்டது. "கையை உயர்த்தச் சொல்லுங்கோ!" "வெய்யில் ஏறுது!" என்று குரல்கள் கிளம்பின. கை உயர்த்தச் சொன்னால் தீர்மானம் நிறைவேறிவிடும் என்பது மேசையிலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தங்கச்சி தன் இடத்தில் தலை குனிந்திருந்தார். நான் எழுந்து, என் வாழ்வில் பேசிய மிக நீண்ட வாக்கியத்தைப் பேசினேன். இத்தீர்மானத்தினால் பாதிப்புறக்கூடியவர் எவரேனும் இச்சபையில் இருந்து, தம் கருத்தைக் கூற விரும்புவாராயின், அவரைச் செவிமடுத்த பின்னரே வாக்கெடுப்பு நடைபெறும் என்பது அதன் சாரம்.

"ஆர் எழும்பப் போறான்?" என்று ஒருவர் சிரித்தார். "நான்தான் பாவிக்கிறனான் எண்டு ஆர் வந்து சொல்லுவான்?"

தங்கச்சி எழுந்தார்.

"என்ர மகன் பாவிக்கிறான்."

அவர் சிரித்தவரின் பக்கம் திரும்பினார்.

"பெயரை நீங்கள் தேடத் தேவையில்லை. நானே சொல்லிப் போட்டன். திங்கக்கிழமை அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நிக்கிறன். பொலிசுக்குக் குடுக்கிறதெண்டால் அதுக்கு முதலே குடுத்திடுங்கோ. நான் பஸ்சுக்கு நிண்டு மினக்கெட மாட்டன்."

அவருக்கு நேர் பின்னால் இருந்த மச்சான் மெல்ல எழுந்தார். அவர் குரலில் கூட்டத்துக் குரல் இல்லை. "அக்கா, என்ர மிசினை எடுத்தது..."

"கேட்டன், தம்பி. இல்லையெண்டான். அவன்ர சொல்லை நான் இப்ப நம்புறேல்லை. நீங்களும் நம்ப வேண்டாம். அது அவன்தான் எண்டு தெரிஞ்சால் களவுக்குப் பிடிச்சுக் குடுங்கோ. நான் குறுக்க நிக்கமாட்டன். நான் கேக்கிறது மற்றதுக்கு."

அப்போது வாசற்கதவோடு ஒரு கனைப்புக் கேட்டது.

"தலைவர், ஒரு விளக்கம் வேணும். அந்தப் பிள்ளையின்ர வயலுக்குத் தண்ணியை மறிச்சால், உங்கட மச்சான்ர வயலுக்குத் தண்ணி ஆகாயத்தாலையோ வரும்?"

அக்கணம்தான் நான் கண்டேன். தங்கச்சி, அவருக்குப் பின்னால் மச்சான், அவருக்குப் பின்னால் கடைசி வயல்காரர். அந்தப் பக்கத்தில் எங்கள் வாய்க்கால் தங்கச்சியின் வயலோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வரம்பில் வெட்டிய வக்கடை வழியாகத்தான் ஒரு வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்கு இறங்கும். மச்சான் தம் தண்ணீரைத் தாமே மறிக்கும்படி தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். நான் அதனைச் செம்மையான தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்னார், அப்போகம், ஒப்படைக்கப்படுவதோடு என்றெல்லாம் சொற்களைத் தேடிய இருவரும் வாய்க்காலை மறந்துபோனோம்!

"நான் வேற வழி வெட்டுவன்!" என்றார் மச்சான்.

"வெட்டும், வெட்டும். அது வரைக்கும் நான் எதில விதைக்கிறது? எனக்கும் அதாலதான் வாறது. தூள் அடிச்சது அவன், மிசின் போனது உமக்கு. நான் என்ன குற்றம் செய்தனான்?"

தகரக் கூரை அதிரும்படி சிரிப்பு எழுந்தது. தங்கச்சியும் சிரித்துவிட்டார், சிரித்தபடியே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். மச்சான் முகம் சிவந்து நின்றார். ஆயினும் அவர் இலகுவில் இருக்கையில் அமர்பவர் அல்லர். சிரிப்பு ஓயும்வரை நின்று, "சரி. தண்ணியை எடுத்து விடுங்கோ. அது பிழை. ஆனால் பெயர் குடுக்கிறது நிக்கட்டும். அதில என்ன பிழை எண்டு ஆராவது சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

அது நியாயமான கேள்வி. சிரிப்பு அதற்கு விடையாகாது என்பதைச் சபை உணர்ந்தது. மீண்டும் எழுந்தவர் கரையிலிருந்து வந்த அக்கா.

"புது நெல்லு ஒண்டு வந்தால் என்ன செய்யிறியள்? முழு வயலுக்கும் விதைக்கிறியளோ? இல்லைத்தானே. ஒரு துண்டில போட்டு ஒரு போகம் பாக்கிறியள். இதையும் அப்பிடிப் பாப்பம். தானா ஆஸ்பத்திரிக்குப் போறவனை இந்தச் சிறுபோகத்துக்கு நாங்கள் காட்டிக் குடுக்கிறேல்லை. விக்கிறவனையும் களவெடுக்கிறவனையும் விடுறேல்லை. நெல்லு வெட்டு முடியத் திரும்பக் கூடுவம். பிழைச்சுதெண்டால் முதல் ஆளா நான் பொலிசுக்குப் போறன்."

காட்டிக்கொடுத்தல் என்பது எங்கள் ஊரில் எளிதாக வாயில் வரும் சொல் அன்று. அச்சொல்லைக் கேட்டதும் முன்வரிசையில் சிலர் நிலத்தை நோக்கினர். அதன்பின் எவரும் நீண்ட பேச்சுப் பேசவில்லை. இது நாட்டின் சட்டத்தை மாற்றாது, எங்கள் வாயைப் பற்றிய முடிவு மட்டுமே என்பதை நான் எடுத்துரைத்தேன். பொலிஸார் தாமாக வந்தால் தடுக்க எங்களால் முடியாது என்பதையும் கூறினேன். பின்னர், அக்கா சொன்னபடியே, ஒரு சொல்லையும் அழகுபடுத்தாமல், முடிவை வாசித்து, கையை உயர்த்தும்படி கேட்டேன்.

முன்வரிசையில் மெதுவாக எழுந்தன. நடுவில் விரைவாக எழுந்தன. கடைசி வயல்காரர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஒன்றை இறக்கச் சொன்னேன். மச்சான் கைகளைக் கட்டியபடியே இருந்தார். எதிர்ப்பவர்களை உயர்த்தச் சொன்னேன். அப்போதும் கட்டியபடியே இருந்தார். நிறைவேறியது என்று நான் அறிவித்தேன். வெயிலில் வெளியே வந்ததும் ஒருவருக்கொருவர் வாதித்தபடி நின்றனர். வீட்டுக்குப் போக எவருக்கும் மனமில்லை. போராட்டமும் இழப்பும் இடப்பெயர்வும் கண்ட எங்கள் ஊரில், ஒரு முடிவை நாங்களே பேசிப் பேசி எடுத்த இன்பம் எல்லா முகங்களிலும் இருந்தது.

ஆயினும் மகன் வருவானா என்பது எவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை காலை, பத்திரிகை வாங்கும் சாக்கில் நான் கண்டி வீதிக்குச் சென்றேன். பஸ் தரிப்பிடத்தில் தங்கச்சி தனியே நின்றார். கையில் ஒரு துணிப்பை. என்னைக் கண்டும் காணாதவர் போல வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பத்திரிகையை விரித்தேன். ஒரு வரியும் கண்ணில் ஏறவில்லை. பளைப் பக்கமிருந்து வவுனியா பஸ் வருவது தெரிந்தது. அவர் கையைக் காட்டினார். பஸ் நின்றது. அவர் முன்கதவால் ஏறினார். நான் கண்களை மூடிவிட்டேன்.

திறந்தபோது, தேநீர்க்கடையின் பின்புறமிருந்து மெலிந்த ஓர் உருவம் விரைந்து வந்து, பஸ் நகரத் தொடங்கிய வேளையில் பின்கதவைப் பற்றி ஏறியது. தாய்க்கும் மகனுக்கும் இடையில் முழுப் பஸ்சும் இருந்தது. இருந்தாலும் என்ன? ஒரே பஸ்! வீதியோரத்தில் நின்று பத்திரிகையை உயர்த்தி அசைத்தேன். கடைக்காரர், "என்ன ஐயா, ஆரும் வெளிநாட்டுக்குப் போகினமோ?" என்று கேட்டார்.

எல்லாம் சீராகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். அவன் ஆஸ்பத்திரித் தவணை ஒன்றுக்குப் போகாமல் விட்டான். அன்று தாய் எங்கள் வீட்டுக்கு வந்து, தேநீரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்துவிட்டுப் போனார். அடுத்த தவணைக்குப் போனான். மச்சானின் இயந்திரம் கிடைக்கவில்லை. எடுத்தவர் யாரென்றும் தெரியவில்லை. அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம், வெட்டு முடிந்ததும் கூடும் கூட்டத்தில் தாம் கேட்கப்போகும் கேள்விகளை என்மீது பரீட்சித்துப் பார்க்கிறார். சில கேள்விகள் மிகவும் கூர்மையானவை. பதிலைத் தேடி நான் வாசிகசாலைக்குப் போகிறேன்.

விதைப்புத் தண்ணீர் இறங்கிய நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். துருசு திறந்து தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது மூவருடைய வரம்புகளிலும் ஆட்கள் நின்றனர். தங்கச்சியின் வரம்பில், வக்கடையின் அருகில், மண்வெட்டியுடன் நின்றவன் அவருடைய மகன். மச்சான் தம் வயலில் நின்று பார்த்தார். தண்ணீர் நூலாக இறங்கியது.

"டேய்! வக்கடையை இன்னும் கொஞ்சம் அகட்டு! இதென்ன, பூனை குடிக்கிற தண்ணியோ?"

அவன் நிமிர்ந்தான். "மாமா, தாற தண்ணியை எடுங்கோ. கூட்டத்தில மறிக்கச் சொன்னது நீங்கள்தானே?"

கடைசி வயலிலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. மச்சான் திகைத்து, என்னைப் பார்த்து, பின் அவனைப் பார்த்தார்.

"வாய்க்கு மட்டும் வருத்தம் நோய் ஒண்டும் இல்லை," என்றார். "திங்கக்கிழமை தவணையோ? நானும் வவுனியாவுக்குத்தான் போறன், மிசின் ஒண்டு பாக்க. வாறதெண்டால் விடியவே வா. நான் நிண்டு மினக்கெட மாட்டன்."

அவன் குனிந்து, வரம்பில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டான். தண்ணீர் சத்தத்தோடு இறங்கியது.